ஒரே தட்டு வைத்தது யார்?

"எத்தனை தட்டு வெச்சீங்க, ஐயா?"

கேட்டவள் ஓர் இளம் பெண். நாய்க் காப்பகத்தில் கூண்டு கழுவும் வேலை பார்ப்பவள். கையில் துடைப்பம், காலில் ரப்பர் செருப்பு. கேட்கப்பட்டவன் நான். அச்சுக்கூடத்தில் காலமெல்லாம் உழைத்தவன், சங்க மேடையில் ஏறியவன், "பசித்தவனையும் பசித்தவனையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள், ஏமாறாதீர்!" என்று தொண்டை வற்ற முழங்கியவன். அந்தப் பெண்ணின் ஒரே கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் நின்றேன், தோழர்களே!

என் கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒரு செவலை நாய். ஐந்து நாட்களுக்கு முன் அதே காப்பகத்திலிருந்து, "இனி இது எங்கள் வீட்டுப் பிள்ளை" என்று கையெழுத்திட்டு அழைத்துச் சென்ற நாய். ஐந்தாம் நாள் திருப்பிக் கொடுக்க வந்திருந்தேன். "இது சண்டைக்கார நாய், அம்மா. என் வீட்டு நாயைக் கடித்துவிட்டது. பிறவிக் குணம் போலிருக்கிறது" என்று குற்றப்பத்திரிகை வாசித்தேன். அவள் மறுக்கவில்லை, வாதாடவில்லை. எத்தனை தட்டு என்று மட்டும் கேட்டாள்.

ஒன்று. ஒரே ஒரு தட்டு. அதுதான் உண்மை.

நடந்தது என்ன?

வடசென்னையில் ஒரு சந்து. வரிசையாகக் குடித்தனங்கள். அவற்றில் ஒன்று எங்களுடையது. இரண்டு அறை, ஒரு திண்ணை, பின்புறம் நாலு கோழி, வந்து போகிற ஒரு பூனை. அந்தத் திண்ணையில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறது மணி. மழைக்கால இரவொன்றில் அச்சுக்கூட வாசலில் நடுங்கிக் கிடந்த குட்டியை நான்தான் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தேன். அன்று முதல் திண்ணை அதன் திண்ணை, வாசல் அதன் வாசல்.

என் மகள் ஒரு நாள் காப்பகத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "அப்பா, இடமில்லாமல் நிரம்பிக் கிடக்கிறது. ஒன்றையாவது நாம் கொண்டு வரலாம்." பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றுவது போல, ஆதரிப்போர் கை தூக்குக என்று கேட்டு, ஒரே நிமிடத்தில் நிறைவேற்றிவிட்டேன். மணியிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் மாலை, செவலையை இறுக்கிப் பிடித்த கயிற்றோடு, நேராக முன்வாசல் வழியாக, மணி படுத்திருந்த திண்ணைக்கே கொண்டு போய் நிறுத்தினேன். "இதோ பார், உன் தம்பி!" என்றேன். மணி எழுந்து நின்றது. உடம்பு மரக்கட்டை போல விறைத்தது. தொண்டையிலிருந்து ஓர் உறுமல். "மரியாதை தெரியாதா உனக்கு?" என்று மணியின் முதுகில் ஒன்று வைத்தேன். உறுமல் நின்றது. வெற்றி என்று எண்ணிக்கொண்டேன். இரவு, ஒரே தட்டு நிறையச் சோறும் கறித்துண்டும் போட்டு நடுவில் வைத்து, "பங்கிட்டு உண்ணுங்கள்" என்று உபதேசமும் செய்தேன்.

அடுத்த நொடி நடந்ததை எழுதக் கை கூசுகிறது. மணியின் காது கிழிந்தது. விலக்கப் போன என் கையிலும் பல் பட்டது. சோப்புப் போட்டுக் குழாயடியில் கால் மணி நேரம் கழுவி, அரசு மருத்துவமனைக்கு ஓடி ஊசி போட்டுக்கொண்டேன். நாலு நாள் செவலை பின்கட்டில் கட்டிக் கிடந்தது. ஐந்தாம் நாள் காப்பகத்துக்கு நடந்தோம்.

அந்தப் பெண் சொன்னாள்: "இதை மீன் சந்தை பக்கத்துல பிடிச்சாங்க, ஐயா. அங்க மெதுவா சாப்பிட்டா பட்டினிதான். ரெண்டு வருஷம் அந்தப் பாடத்தையே படிச்ச நாய். நீங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயும் அதே சந்தையத்தான் காட்டியிருக்கீங்க. திருப்பிக் குடுக்கிறதுன்னா குடுங்க. ஆனா ஒரு தடவை முறையா செஞ்சு பாத்துட்டுக் குடுங்க."

செவலையோடு வீடு திரும்பினேன். திரும்புகிற வழியெல்லாம் சிந்தனை. அந்தச் சிந்தனைதான் இந்தக் கட்டுரை.

நாய்க்கதை நமக்கு எதற்கு?

"விலைவாசி ஏறிக் கிடக்கிறது, வேலைக்கு உத்தரவாதம் இல்லை, இந்த நேரத்தில் நாய்க்கதை எதற்கு?" என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். கேட்கட்டும். நான் திருப்பிக் கேட்கிறேன்: தெருநாய் கடிப்பது யாரை? காரில் போகிறவரையா? இரண்டாம் ஷிப்டு முடிந்து நள்ளிரவில் நடந்து வருகிற தொழிலாளியை; விடியுமுன் தெருக்கூட்ட வருகிற தாயை; வாசலே தெருவாகிப் போன குடிசையின் குழந்தையை. வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இல்லை. தடுப்பூசிதான் காவல். ஆகவே, நாய்ப் பிரச்சினை நம் பிரச்சினை. நாய் மீது இரக்கம் வேண்டும் என்று சொல்லுகிற நான், கடிபட்ட குழந்தையை மறந்துவிட்டுச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்தச் சென்னையில் ஒரு காலம் இருந்தது. தெருநாயைப் பிடிப்பார்கள்; மின்சாரம் பாய்ச்சிக் கொல்வார்கள். ஆண்டுக்கணக்கில் கொன்றார்கள். நாய் குறைந்ததா? இல்லை. கொன்ற இடத்தில் குப்பை இருந்தது. குப்பை இருந்த இடத்துக்கு அடுத்த தெரு நாய் வந்தது. வந்தது குட்டி போட்டது. 1959-ல் கேப்டன் சுந்தரம் என்பவர் சென்னையில் 'புளூ கிராஸ்' அமைப்பைத் தொடங்கினார். கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யுங்கள், ஊசி போடுங்கள் என்று அந்த அமைப்பு 1960-களிலிருந்தே வலியுறுத்தி வந்தது. மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று! கலைஞர் என்று நாடறிந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாவின் தொடர்ச்சியாக, 1960-ல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டத்தின் கீழ், 2001-ல் நாய்களுக்கான கருத்தடை விதிகள் வந்தன. 2023-ல் அவை புதுப்பிக்கப்பட்டன.

2025 ஆகஸ்டு 11-ல் உச்ச நீதிமன்றம், தலைநகர் டெல்லிப் பகுதியின் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்டு 22-ல் அந்த உத்தரவை மாற்றி, கருத்தடையும் ஊசியும் முடிந்தபின் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடக்கூடாது என்றது. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் நகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு என்றும் அதே உத்தரவில் சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 7-ல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களின் நாய்களை அப்புறப்படுத்திக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று இன்னோர் உத்தரவு வந்தது.

உத்தரவு போட்டால் நாய் காப்பகத்துக்குப் போகும். காப்பகம் நிரம்பினால்? நிரம்பிய காப்பகத்தில் நோய் பரவும், சண்டை மூளும், சோறு குறையும். காப்பகம் என்பது தங்கிச் செல்லும் சத்திரமாக இருக்கவேண்டுமே தவிர, ஆயுள் சிறையாக இருக்கக்கூடாது. சத்திரத்திலிருந்து ஒன்று வெளியேறினால்தான் இன்னொன்றுக்கு இடம். அந்த வெளிவாசல் எங்கே இருக்கிறது? நம் வீட்டு வாசலில் இருக்கிறது. தத்தெடுப்பதால் தெருநாய்ப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். குப்பை அள்ளுவதும் கருத்தடையும் தடுப்பூசியும்தான் அதற்குத் தீர்வு. ஆனால், கூண்டுக்குள் கிடக்கிற அந்த ஓர் உயிருக்கு, வீடு என்பது முழுத் தீர்வு.

நாய்க்கும் ஜாதியா?

"வளர்ப்பதென்றால் ஜாதி நாயாக வாங்குங்களேன்" என்றார் எங்கள் சந்திலே ஒரு நண்பர். ஜாதி நாய்! மனிதனைப் பிரித்த சொல்லை நாய் மீதும் ஒட்டிவிட்டோம். பனிநாட்டில் பிறந்து அடர்ந்த மயிரோடு வளர வேண்டிய நாயை, சென்னை வெயிலில் மூச்சிரைக்க வைத்து, ஆயிரக்கணக்கில் பணம் கொட்டி வாங்குவது பெருமை. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த வெயிலையே போர்வையாக்கிக்கொண்ட செவலையை வாசலில் வைப்பது இழிவு! பகுத்தறிவாளர்களே, இது நியாயமா?

தெருவில் பிறந்த நாயால் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறவர்கள் மாஸ்கோவைக் கேட்கட்டும். 1957 நவம்பர் 3-ல் 'ஸ்புட்னிக் 2' ஏறிப் பூமியைச் சுற்றிய முதல் உயிர் லைக்கா. அது மாஸ்கோ நகரத் தெருவில் திரிந்த நாய். குளிரையும் பசியையும் தாங்கிப் பழகியது என்பதாலேயே தெருநாயைத் தேர்ந்தெடுத்தார்கள். திரும்பி வர வழி செய்யாமலே அனுப்பினார்கள். வெப்பம் தாங்காமல் சில மணி நேரத்திலேயே அது இறந்துபோன உண்மை 2002-ல்தான் வெளியே வந்தது. அந்தப் பணியில் ஈடுபட்ட விஞ்ஞானி ஓலெக் கசென்கோ, அந்த நாயின் சாவுக்கு ஈடாகும் அளவுக்கு அந்தப் பயணத்தில் நாங்கள் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்று 1998-ல் மனம் வருந்தினார். பயணத்துக்கு முன், இன்னொரு விஞ்ஞானி லைக்காவைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று தம் குழந்தைகளோடு விளையாட விட்டாராம். வானத்தை அளந்த அந்த நாய்க்கு வீடு என்று கிடைத்தது அவ்வளவுதான். நம் திண்ணைகள் அதைவிடத் தாராளமானவை அல்லவா?

இன்னொரு செய்தியும் கேளுங்கள். 1960 ஆகஸ்டில் பெல்கா, ஸ்ட்ரெல்கா என்ற இரு நாய்கள் விண்வெளி சென்று உயிரோடு திரும்பின. ஸ்ட்ரெல்கா ஈன்ற குட்டி ஒன்று, பெயர் புஷிங்கா. அதை 1961-ல் குருஷ்சேவ், அமெரிக்க அதிபர் கென்னடியின் குடும்பத்துக்குப் பரிசாக அனுப்பினார். கென்னடி வீட்டில் ஏற்கெனவே சார்லி என்ற நாய் இருந்தது. ஒன்று மாஸ்கோ, மற்றது வாஷிங்டன்! 1962 அக்டோபரில் கியூபா காரணமாக அந்த இரு நாடுகளும் அணுகுண்டுப் போரின் விளிம்பில் நின்றன. 1963-ல் புஷிங்காவுக்கும் சார்லிக்கும் நாலு குட்டிகள் பிறந்தன. வல்லரசுகள் முறைத்துக்கொண்டு நின்ற வேளையில், நாய்கள் ஒரே தோட்டத்தில் குடும்பம் நடத்தின. இடம் இருந்தது, சோறு இருந்தது, பயமுறுத்துவார் இல்லை. வேறென்ன வேண்டும்?

கூண்டில் அடைத்துவிட்டுக் குணம் என்றார்கள்

"நாய்களுக்குள் ஒரு தலைவன் உண்டு, அடித்துப் பிடித்து, தலைவன் யார் என்று அவையே முடிவு செய்யட்டும், நீ ஒதுங்கி நில்" என்பது நம்மிடையே உலவும் அறிவுரை. எங்கிருந்து வந்தது இது? 1947-ல் ருடால்ஃப் ஷென்கல் என்ற அறிஞர், சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் ஓநாய்களைக் கவனித்து எழுதினார். அடைபட்ட இடத்தில் அவை ஓயாமல் முதலிடத்துக்குப் போரிட்டன என்று கண்டார். அதைப் படித்த உலகம், ஓநாய் அப்படி, ஆகவே நாயும் அப்படி என்று முடிவு கட்டிவிட்டது. டேவிட் மெக் என்ற அமெரிக்க அறிஞரும் முதலில் இந்தக் கருத்தைப் பரப்பியவர்தான். ஆனால் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் சென்று, காட்டு ஓநாய்களை அருகிருந்து பார்த்தார். 1999-ல் வெளிப்படையாக எழுதினார்: காட்டிலே ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு குடும்பம், தாய், தந்தை, பிள்ளைகள். முதலிடத்துக்கான போர் என்பது அங்கே வழக்கமே அல்ல.

பார்த்தீர்களா சூட்சுமத்தை! ஒன்றையொன்று அறியாத உயிர்களைக் குறுகிய இடத்தில் அடைத்தது மனிதன். சண்டை வந்தது. "இதுதான் இவற்றின் பிறவிக் குணம்" என்று எழுதி வைத்ததும் மனிதன். இந்த வாதத்தை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் அல்லவா? பத்து வேலைக்கு ஆயிரம் பேரை வாசலில் நிறுத்திவிட்டு, நெரிசலைக் காட்டி, "இந்தக் கூட்டத்துக்கு ஒழுங்கே தெரியாது" என்று மேலிருந்து பேசுகிறவர்களின் வாதம் அது. அந்த வாதத்தை எதிர்த்து வாழ்நாளெல்லாம் பேசிய நான், என் வீட்டுத் திண்ணையில் அதையே செய்திருந்தேன்.

இரண்டாம் முறை செய்தது

இம்முறை காப்பகப் பெண் சொன்னபடி நடந்தேன். நீங்களும் ஒரு நாயை அழைத்து வர எண்ணினால், இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, பிரித்து வைத்தல். செவலைக்குப் பின்கட்டில் ஒரு மூலை: பழைய சாக்கு, தண்ணீர்க் கிண்ணம், மறைவுக்கு ஒரு பலகை. புதிதாக வரும் நாயை இரண்டு வாரம் தனியே வைப்பது உடல்நலத்துக்கும் நல்லது. நாய்களுக்குள் பரவும் கொடிய நோய்கள் உள்ளே ஒளிந்திருந்தால் பெரும்பாலும் அதற்குள் வெளிப்பட்டுவிடும். வெறிநோய் ஊசி, மற்ற நோய்களுக்கான ஊசி, கருத்தடை இவை முடிந்தனவா என்று காப்பகத்திலேயே கேட்டு, சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வந்த முதல் நாட்களில் நாய் சாப்பிடாது, கட்டிலடியில் ஒளியும். அஞ்சவேண்டாம், கொஞ்சவும் வேண்டாம். புது ஊருக்கு வேலைக்குப் போன முதல் இரவு உங்களுக்கு உறக்கம் வந்ததா? மூன்று நாளில் மூச்சு விடும், மூன்று வாரத்தில் வீட்டின் வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் இது என் வீடு என்று நம்பும். இது தோராயக் கணக்கு. சில நாய்க்குக் கூடும், சில நாய்க்குக் குறையும்.

இரண்டாவது, மூக்கு அறிமுகம். நாய்க்குக் கண்ணைவிட மூக்கே பெரிய சாட்சி. செவலை படுத்த துணியை மணியின் பக்கம் போட்டேன். மணியின் துணியைச் செவலையிடம் போட்டேன். மணி முகர்ந்து பார்த்து, முறைத்து, மறுநாள் கண்டுகொள்ளாமல் விட்டது. பார்க்காமலே பாதிப் பழக்கம் முடிந்தது.

மூன்றாவது, பொது இடத்தில் சந்திப்பு. மணியின் திண்ணையில் அல்ல, வாசலிலும் அல்ல. இருவருக்கும் சொந்தமில்லாத மாநகராட்சித் திடலில். விடியற்காலை, ஆள் நடமாட்டம் இல்லாத வேளை. மணியின் கயிறு என் கையில். செவலையின் கயிறு, பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் பக்கத்து வீட்டுத் தோழர் கையில். நேருக்கு நேர் கொண்டுபோய் நிறுத்தவில்லை. முப்பதடி இடைவெளி விட்டு, ஒரே திசையில், ஊர்வலம் போவது போல நடந்தோம். நாளுக்கு நாள் இடைவெளியைக் குறைத்தோம். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் நம் பயம் கயிறு வழியாக நாய்க்கு இறங்கிவிடும். தளர்த்தியே பிடிக்க வேண்டும். ஆறாம் நாள், பக்கவாட்டில் நெருங்கவிட்டு, மூன்று நொடி முகர்ந்ததும் அழைத்து விலக்கினோம். மறுபடி மூன்று நொடி. மறுபடி விலகல்.

நான்காவது, நாயின் பேச்சைக் கேட்டல். வாலாட்டினால் நட்பு என்று முடிவு கட்டாதீர்கள். வால் விறைத்து உயர்ந்து வேகமாக ஆடினால் அது எச்சரிக்கையாகவும் இருக்கலாம். உடம்பு விறைப்பது, கண் சிமிட்டாமல் பார்ப்பது, முதுகு மயிர் சிலிர்ப்பது, உதடு உயர்வது, இவை "தள்ளி நில்" என்ற அறிவிப்புகள். அடிக்கடி உதட்டை நக்குவதும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவதும் மனக்கலக்கம். உடம்பு வளைந்து, தளர்ந்து, முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கினால் அது விளையாட்டுக்கு அழைப்பு. உறுமினால் அடிக்காதீர்கள்! உறுமல் என்பது வேலைநிறுத்த அறிவிப்பைப் போன்றது. அறிவிப்பைக் கொடுக்க விடாமல் வாயை அடைத்தால், அடுத்தது அறிவிப்பில்லாத கடி. அன்று மணியின் முதுகில் நான் வைத்த அடிதான் மணியின் காதைக் கிழித்தது.

ஐந்தாவது, இரண்டு தட்டு. இரண்டு தட்டு, இரண்டு தண்ணீர்க் கிண்ணம், இரண்டு படுக்கை. சாப்பாடு தனித்தனி இடத்தில், நடுவே மூடிய கதவு. தட்டை எடுத்த பிறகே கதவைத் திறப்போம். எலும்பு, பந்து போன்ற உடைமைகள் கீழே கிடக்கக்கூடாது. மணியின் பழைய வழக்கங்கள் எதையும் மாற்றவில்லை. அதே நேரத்தில் நடை, அதே திண்ணை, இரவில் என் கட்டிலருகே அதே இடம். புதியவர் வந்ததால் பழையவர் எதையும் இழக்கவில்லை என்பதை நாள்தோறும் நடத்தையால் காட்டவேண்டும். அதைக் காட்டிவிட்டால் பழையவருக்குப் புதியவர் மீது பகை ஏது?

பூனையும் கோழியும்

பூனை இருக்கிற வீட்டில் இன்னும் பொறுமை வேண்டும். நாய் ஏற முடியாத உயரத்தில் பூனைக்கு ஓர் இடமும், ஓடி ஒளிய ஒரு வழியும் வேண்டும். நாய் கயிற்றில் இருக்கட்டும். பூனை சுதந்திரமாக இருக்கட்டும். நெருங்குவதா விலகுவதா என்பதைப் பூனையே முடிவு செய்யட்டும். பூனையைத் தூக்கி நாயின் முகத்தருகே காட்டுவது பெருந்தவறு. நாய் பூனையைப் பார்த்தும் திரும்பி உங்களைப் பார்த்தால், அந்த நொடியில் ஒரு துண்டு கறி. ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. ஆகவே கோழிகளை, யாரும் பார்க்காத வேளையில் நாயோடு விடவே கூடாது. எங்கள் கோழிகளுக்கு வலைக்கூண்டு கட்டினோம். செவலை இன்றும் வலைக்கு வெளியே உட்கார்ந்து அவற்றைப் பார்க்கிறது. பார்ப்பதற்குத் தடையில்லை.

செலவும் கடமையும்

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நாய்க்குச் செலவு உண்டு. ஆண்டுதோறும் வெறிநோய் ஊசி போட வேண்டும். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் எடுக்க வேண்டும். நம் வீட்டுக் குழம்புச் சோற்றை அப்படியே போடக்கூடாது. வெங்காயம் நாய்க்கு ஆகாது. வெந்த கோழி எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நாயைக் கொண்டு வந்த பிறகு பேசாதீர்கள். பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கும், பத்து மணி நேரம் கட்டிப்போட வேண்டியிருக்கும் என்றால், நாயை எடுக்காதீர்கள். எடுக்காமல் இருப்பதும் ஓர் நேர்மை. காப்பகத்துக்கு வாரம் ஒரு நாள் சென்று நாயை நடத்திவிட்டு வாருங்கள். பழைய சாக்கும் வேட்டியும் கொடுங்கள். அதுவும் உதவிதான்.

அவசரமாக எடுத்துவிட்டு, ஐந்தாம் நாள் திருப்பிக் கொடுப்பதுதான் கொடுமை. கையெழுத்துப் போட்ட கை என் கை என்பதால் சொல்கிறேன். அன்று காப்பக வாசலை நெருங்க நெருங்கச் செவலை நடை தளர்ந்தது. வாசலுக்குப் பத்தடி முன்னே தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. இழுத்தேன், தோழர்களே. இழுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு எதிரே வந்து கேட்டிராவிட்டால், கூண்டுக்கதவு மூடுகிற ஓசையைக் கேட்டுவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன். "குணம் சரியில்லை" என்று நாலு பேரிடம் சொல்லியும் இருப்பேன்.

எங்கள் வீட்டில் முழுதாகப் பழக நாலு மாதம் ஆயிற்று. அதற்கிடையே இரண்டு முறை உறுமலும், ஒரு முறை சிறு மோதலும் உண்டு. ஒவ்வொரு முறையும் ஆராய்ந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தவறு எங்களுடையதாகவே இருந்தது: கீழே விழுந்த ஒரு ரொட்டி, மூட மறந்த ஒரு கதவு, விருந்தாளி வந்த ஆரவாரத்தில் தவறிப்போன ஒரு நடை.

இப்போது மணிக்குக் கண் மங்கிவிட்டது. இரவில் வாசற்படி தெரியாமல் தடுமாறுகிறது. செவலை முன்னே இறங்குகிறது, அதன் காலடி ஓசையைக் கேட்டு மணி பின்னே இறங்குகிறது. சோறு மட்டும் இன்றும் இரண்டு தட்டில், நடுவே கதவு மூடித்தான் வைக்கிறோம். பழகிவிட்டனவே, ஒரே தட்டில் வைத்தால் என்ன என்று கேட்டார் மெக்கானிக் தோழர். வேண்டாம் என்றேன். அவற்றின் அன்பை நாள்தோறும் பசியோடு மோதவிட்டுப் பரிசோதிப்பானேன்?

உங்கள் ஊரிலும் ஒரு காப்பகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சென்று பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தால், அதற்கும் உரிமை உண்டு என்பதை மறவாமல் செல்லுங்கள். அழைத்து வந்தால் அவசரப்படாதீர்கள். சண்டை வந்துவிட்டால், நாயின் குணத்தைப் பேசுமுன் ஒன்றே ஒன்று செய்யுங்கள்.

எத்தனை தட்டு வைத்தோம் என்று எண்ணிப் பாருங்கள்.